அங்கி மாட்டப் போன நேரம்

அப்பு,

உன் குருப்பட்ட விழா மலருக்காக நீ எழுதிய ‘என் அழைத்தல்’ கட்டுரையை நேற்று மத்தியானம் போனில் அனுப்பியிருந்தாய். பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள் அம்மா, வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது என்று கூடவே ஒரு வரி. முப்பத்திரண்டு வருஷம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் சுழித்துப் பழகிய கை. ஆசையாகத்தான் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலைந்து இடத்தில் ஒற்றெழுத்தை விட்டிருக்கிறாய். அதையெல்லாம் அச்சகத்தில் பார்த்துக்கொள்வார்கள். திருத்த வேண்டிய பிழை வேறு இருக்கிறது. அது உன்னுடையதும் அல்ல, என்னுடையது. பதினேழு வருஷமாக நான் திருத்தாமல் வைத்திருந்த ஒன்றை நீ நல்ல தமிழில் எழுதி ஊர் முழுக்கக் கொடுக்கப் போகிறாய். போனிலேயே சொல்லிவிடலாம் என்று நேற்று இரண்டு தடவை கூப்பிட்டேன். உன் குரலைக் கேட்டதும், சாப்பிட்டாயா, அங்கே வெஞ்சனம் என்ன என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். முதல் தடவை படிக்கும்போது மட்டும் தனியாக இரு.

முதலில் ஊர்ப் பேச்சைச் சொல்லிவிடுகிறேன், அதிலிருந்துதானே எல்லாம் ஆரம்பித்தது. போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாயே, அந்த நாலு நாளும் எதிர்வீட்டு லூர்து அக்காவுக்கு வேறு வேலையே இல்லை. “என்ன டீச்சர், ஒங்க மகன் பட்டம் வாங்கப் போற சாமியா, இல்ல ஜிம்முக்குப் போற பையனா? தாடி என்ன, பனியன் என்ன. சாமின்னா பாத்தவொடனே கும்பிடணும்னு தோண வேணாமா? இவரப் பாத்தா பைக்க ரிப்பேருக்கு விடணும்னுல்ல தோணுது” என்று வாசலில் நின்றுகொண்டே சத்தமாகச் சொன்னாள். நீயும் உள்ளே இருந்து சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. நம் ஜனம் அப்படித்தான். சாமியார் என்றால் கழுத்திலிருந்து கணுக்கால் வரை வெள்ளை அங்கி இருக்க வேண்டும், பொத்தான் ஒன்றுகூடத் திறந்திருக்கக் கூடாது, மழமழவென்று சவரம் செய்திருக்க வேண்டும், சேறு படாத செருப்பு வேண்டும், வியர்வையே வரக் கூடாது. சட்டை பேன்ட்டில் வந்தால் அது பாதிச் சாமி. லுங்கியோடு சாமி பங்களா வராந்தாவில் பேப்பர் படித்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையே குறையும். இந்த ஜனத்தில் முதல் ஆள் நான்தான். திங்கட்கிழமை தோறும் வரிசையில் நிற்க வைத்து நகமும் பொத்தானும் பார்த்தவள். பெல்ட் போடாத பிள்ளையை வெளியே நிறுத்தியவள். அந்தக் கண்ணோடுதான் கோயிலுக்கும் போனேன்.

அதனால்தான் பொங்கல் கழிந்து உனக்குப் போன் செய்து, திருத்தொண்டர் ஆகிவிட்டாய், அடுத்த படி குருப்பட்டம்தான், இனிமேலாவது வெளியே போகும்போது அங்கி போட்டுக்கொள் என்று சண்டை பிடித்தேன். நீ பொறுமையாகத்தான் கேட்டாய். கடைசியில் ஒன்று சொன்னாய். “அன்னிக்கு அந்தச் சாமி அங்கி மாட்டிக்கிட்டு நின்ன நேரத்துலதாம்மா அப்பா போனாரு. அந்த அங்கியவா என்னப் போடச் சொல்றீங்க?” நான் போனை வைத்துவிட்டேன். அம்மாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது என்று நினைத்து நீ மறுநாள் மன்னிப்புக் கேட்டாய். நீ மன்னிப்புக் கேட்டாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இப்போது அதே வார்த்தைகளைக் கட்டுரையிலும் எழுதியிருக்கிறாய். அப்பா சாகக் கிடந்தபோது ஆள் அனுப்பியும் குரு நேரத்துக்கு வரவில்லை, இஸ்திரி போட்ட அங்கியோடு சாவகாசமாக வந்து இறங்கினார், அன்றைக்கே தீர்மானித்தேன், உடுப்புக்காக ஒரு நிமிஷம்கூட யாரையும் காக்க வைக்காத குருவாக வேண்டும் என்று. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அவர் பெயரை நீ போடவில்லை. ஆனால் நம் பங்கில் யாருக்குத் தெரியாது? பழைய பங்குச்சாமிகள் அத்தனை பேரையும் பட்டத்துக்கு அழைப்பது வழக்கம். அவரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து அந்த மலரைப் பிரித்துப் படிப்பார்.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பாவை மதுரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. குடலில் வந்த புற்று ஈரலுக்கும் போய்விட்டது. ஆத்தூர் ரோட்டில் தோப்பு தோப்பாகத் தேங்காய் குத்தகை எடுத்து, லாரியில் மூட்டை ஏற்றிவிட்டு, என்னை எந்த இடத்தில் பார்த்தாலும் “என்ன டீச்சரம்மா, இன்னிக்கு எத்தன பேர வெளிய நிறுத்துனீங்க?” என்று கேலி பேசிய மனுஷன், எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தார். நான் பள்ளிக்கூடத்தில் ஒன்றரை மாதம் லீவு போட்டிருந்தேன். பூசைக்குக்கூடப் போகவில்லை. அந்தச் சமயத்தில்தான் உன் சித்தப்பா திண்டுக்கல்லில் ஒரு ஜெப வீட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தார். அண்ணனைக் குணமாக்கிவிடலாம் என்று ஆள் மாற்றி ஆள் அனுப்பினார். எல்லோரும் பைக்கில்தான் வருவார்கள், சட்டை பேன்ட் போட்டிருப்பார்கள், பாக்கெட்டில் ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டி இருக்கும். ஜெபித்த எண்ணெய் என்பார்கள். அவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர், விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்துங்கள் என்று அப்பாவிடமே சொல்லிவிட்டார். அப்பாவும் ஆசையில் ஒரு நாள் முழுக்க வலி மாத்திரை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அந்த ஒரு நாளை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு எண்ணெய்ப் புட்டியோடு எவன் வந்தாலும் கேட்டைத் தாண்ட விடக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

பங்குச்சாமி மாறியதும் அந்த வாரம்தான். பழைய சாமியை உனக்கு நினைவிருக்கும். நெட்டையாக, சிவப்பாக, வெள்ளை அங்கியும் இடைக்கச்சையுமாக அவர் நடந்து வந்தால் தெருவே எழுந்து நிற்கும். அவர் மாற்றலாகிப் போய் நாலு நாள் ஆகியிருந்தது. புதியவரை நான் பார்த்தே இருக்கவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்தே அப்பாவின் மூச்சு ஒரு மாதிரி இழுத்தது. “சாமியக் கூப்புடு” என்று இரண்டு தடவை சொன்னார். நம் ஊர்க் கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் பங்குக் கோயிலுக்கு ஒன்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போனார். உன்னை பஸ் ஸ்டாப்புக்கு அனுப்பி, வடமதுரையிலிருந்து வரும் அத்தையைக் கூட்டிவரச் சொன்னேன். தெருவில் ஆள் இல்லை, எல்லோரும் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான்.

மூன்றரை மணி இருக்கும். கேட்டுக்கு முன்னால் ஒரு பைக் வந்து நின்றது. எட்டிப் பார்த்தேன். குட்டையாக, கறுப்பாக, முன் தலையில் முடி இல்லாத ஒரு மனுஷன். நீலத்தில் கட்டம் போட்ட பழைய சட்டை, அதில் வயிற்றுப் பக்கம் முழுக்கக் கறுப்பு மசகு. கையும் அப்படியே. முழங்கால் வரை பேன்ட்டைச் சுருட்டிவிட்டிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, “இங்கதானம்மா நோயாளி இருக்காரு? பூசுதலுக்கு வந்திருக்கேன்” என்றார்.

“யாரு நீங்க?”

“புதுசா வந்திருக்கிற பங்குச்சாமிம்மா. உபதேசியார் வந்து சொன்னாரு. அவரு பஸ்ஸுல வர நேரமாகும்னு நான் முன்னாடி வந்துட்டேன்.”

நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். திங்கட்கிழமை வரிசையில் நிற்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். “பங்குச்சாமின்னா அங்கி எங்க?” என்று கேட்டேன். அவர் தன் சட்டையை அப்போதுதான் குனிந்து பார்த்தார். “மோட்டாரு ஓடலைன்னு கழட்டிக்கிட்டு இருந்தேன்மா. சேதி வந்ததும் அப்படியே ஓடியாந்துட்டேன்” என்று சொல்லி, நான் நம்புவதற்காகச் சட்டைப் பாக்கெட்டில் கையை விட்டு, நோயாளிக்குப் பூசுகிற எண்ணெய்ச் சிமிழை எடுத்துக் காட்டினார். அந்த எண்ணெயைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. வேறு எதைக் காட்டியிருந்தாலும் ஒருவேளை நம்பியிருப்பேன். “பொய் சொல்லி உள்ள வரப் பாக்குறீங்களா? ஒங்களுக்கு வெக்கமா இல்ல? எங்களுக்குச் சாமி இருக்காரு, அவரு அங்கியோட வருவாரு. எங்க வீட்டுக்காரரு தம்பிகிட்டப் போயிச் சொல்லுங்க, இனி ஒருத்தன் இந்தப் படி ஏறக் கூடாதுன்னு” என்று கத்தினேன். நான் கத்திய கத்தில் எனக்கே இருமல் வந்தது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அல்லது என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போயிருக்கலாம். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரிம்மா, பதறாதீங்க. நான் போயி அங்கி மாட்டிக்கிட்டு வாரேன். வெரசா வந்துருவேன்” என்றார். நான் கேட்டைச் சாத்தித் தாழ் போட்டேன். ஆனால் அவர் உடனே போகவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, அப்பா கிடந்த அறையின் சன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கி, சத்தமாக ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். பாவங்களை மன்னித்து என்று காதில் விழுந்தது. தெருவில் நின்று கூப்பாடு போடுகிறானே என்று ஓடிப் போய்ச் சன்னலையும் சாத்தினேன். அப்புறம் பைக் போகிற சத்தம் கேட்டது.

இப்போது எழுதப் போவதை உன் அத்தைக்குக்கூட நான் சொன்னதில்லை. சன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினால், அப்பா விழித்துக்கொண்டிருந்தார். அவர் வலது கை நெற்றியிலிருந்து நெஞ்சுக்கு வந்துகொண்டிருந்தது. வலியில் தடவுகிறார் என்று நினைத்தேன். கை இடது தோளுக்குப் போய், வலது தோளுக்குப் போக முடியாமல் நடுவிலேயே விழுந்தது. “சாமியா வந்தாரு?” என்று கேட்டார். “இல்லைங்க, ஒங்க தம்பி அனுப்புன ஆளு. சாமி அங்கியோட வருவாரு, வந்ததும் எழுப்புறேன்” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். “யாரா இருந்தா என்னா டீச்சரம்மா, உள்ள வரச் சொல்லியிருக்கலாம்ல” என்றார். அவர் குரலில் கேலி இல்லை. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலரை மணிக்குள் போய்விட்டார். கண்ணை நான்தான் மூடினேன், இரண்டு தடவை மூட வேண்டியிருந்தது.

அடுத்து வந்தது நீயும் அத்தையும். அப்புறம் சித்தப்பா. தெரு நிறைந்துவிட்டது. அதற்கு அப்புறம்தான் அந்த பைக் வந்தது. இந்தத் தடவை வெள்ளை அங்கி. இஸ்திரி போட்டிருந்தது என்று எழுதியிருக்கிறாய். இல்லை அப்பு, கசங்கிப் போயிருந்தது, பெட்டியிலிருந்து அப்படியே உருவிப் போட்டது. இரண்டாவது பொத்தானை மூன்றாவது காஜாவில் போட்டிருந்தார், கழுத்துப் பக்கம் கோணிக்கொண்டு நின்றது. விரலில் மசகு அப்படியே இருந்தது. இதெல்லாம் என் கண்ணுக்குத்தானே தெரியும்? அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. சித்தப்பா அவர் மேல் பாய்ந்தார். “உசுரு இருக்கையில வரத் துப்பில்ல, இப்ப எதுக்குய்யா வந்தீரு? பவுசா அங்கிய மாட்டிக்கிட்டு வாரதுக்கு ஒமக்கு இம்புட்டு நேரமா?” என்று கேட்டார். கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை, அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் காத்திருந்தார் என்றுகூடச் சொல்ல மாட்டேன், பார்த்தார், அவ்வளவுதான். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். புருஷனுக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர், “ஆமா, லேட்டாயிருச்சு. மன்னிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு முழங்காலிட்டு ஜெபமாலையை ஆரம்பித்தார்.

அன்று சொல்லாததை மறுநாள் சொல்லியிருக்கலாம். அடக்கம் முடியட்டும் என்று நினைத்தேன். முப்பதாம் நாள் பூசை கழியட்டும் என்று நினைத்தேன். அதற்குள் ஊர் ஒரு மனு எழுதிவிட்டது. நோயாளி சாகும்போது வராத சாமி எங்களுக்கு வேண்டாம் என்று, சாமிகளை மாற்றுகிற ஆயருக்கு. பாதிக்கப்பட்ட குடும்பம் முதலில் கையெழுத்துப் போட வேண்டும் என்று என்னிடம்தான் காகிதத்தைக் கொண்டு வந்தார்கள். போட்டேன் அப்பு. அழகான கையெழுத்து என்று எல்லோரும் சொல்வார்களே, அதே கையெழுத்து, முதல் வரியில். லீவு முடிந்து பள்ளிக்கூடம் போனால் அங்கேயும் அவர்தான் தாளாளர். வாரத்துக்கு ஒரு தடவை அவர் மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும். சித்திரை வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட அங்கியோடு உட்கார்ந்திருப்பார். வியர்வை தாடையிலிருந்து ரெஜிஸ்டரில் சொட்டும். மோட்டார் ரிப்பேர் பார்க்கும்போதும் அங்கிதான், அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிணற்றடியில் நிற்பார், பிள்ளைகள் சிரிப்பார்கள். “டீச்சர், ஒங்க மகன் நல்லாப் படிக்கிறானா?” என்று மட்டும் கேட்பார். ஒரு தடவைகூட வேறு எதுவும் கேட்டதில்லை. பத்து மாதத்தில் மாற்றிவிட்டார்கள். போகும்போது அவருக்கு யாரும் மாலை போடவில்லை. நானும் வகுப்பை விட்டு வெளியே வரவில்லை.

அதன் பிறகு நான் நிம்மதியாக இருந்தேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது. மத்தியானத்தில் வாசலில் பைக் நிற்கிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுகிறேன். கூரியர் பையன் பயந்துபோய், “ஏன் டீச்சர் இப்படி ஓடி வாரீங்க?” என்று கேட்கிறான். அந்த அறைச் சன்னலை நான் சாத்துவதே இல்லை. மழைச் சாரல் அடித்துக் கட்டில் நனைகிறது என்று நீ எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாய். காரணம் இதுதான். சில நாள் அதே மூன்றரை மணிக்கு அப்பா கட்டிலில் கிடந்து கதவைப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. பயமாக இல்லை, அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்போல இருக்கிறது. நீ குருமடத்துக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று ஊரே என்னைக் கொடுத்துவைத்தவள் என்றது. ஏன் போகிறேன் என்று நீ சொன்ன காரணத்தைக் கேட்ட பிறகு நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். என் பொய்யின் மேல் என் பிள்ளை வீடு கட்டுகிறான், இப்போது சொன்னால் இடிந்துவிடும் என்று பயந்தேன். ஒவ்வொரு வருஷமும் இன்னும் ஒரு வரிசை கல் ஏறியது. நான் இன்னும் கொஞ்சம் பயந்தேன்.

போன சனிக்கிழமை அவரைப் போய்ப் பார்த்தேன். ஓய்வு பெற்ற சாமியார்கள் இருக்கிற இல்லத்தில்தான் இருக்கிறார். பக்கவாதம் வந்து இடது கால் போய்விட்டது, சக்கர நாற்காலிதான். கரண்ட் இல்லை, மற்றவர்கள் எல்லாம் பனியனும் லுங்கியுமாக மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். இவர் மட்டும் வராந்தாவில் வெள்ளை அங்கியோடு, முழுப் பொத்தானும் போட்டு. பார்த்துக்கொள்கிற பெண் என்னிடம் குறைபட்டுக்கொண்டாள். “இவரு குளிக்கிறப்ப மட்டுந்தாம்மா கழட்டுவாரு. ராத்திரியும் இதோடதான் படுக்கிறாரு. முதுகெல்லாம் வேர்க்குரு. திடீர்னு யாராச்சும் அவசரத்துக்குக் கூப்புட்டா உடுத்த நேரமிருக்காதுல்லம்மாங்கிறாரு. இவர யாரு கூப்புடப் போறா?” அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. “டீச்சர்” என்றார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அழைப்பிதழைக் கொடுத்தேன். படித்துவிட்டு, “ஒங்க மகனா!” என்று சிறுபிள்ளைபோல் சந்தோஷப்பட்டார். “அன்னிக்கு ஏன் சாமி நீங்க யார்கிட்டயும் சொல்லல?” என்று கேட்டேன். “வீட்டுல எழவு கெடக்கையில ஒங்களப் போயி எப்படிம்மா காட்டிக் குடுக்குறது? நான் மொதல்லயே கெளம்பி வந்தது தெரிஞ்ச உபதேசியாரயும் வாயத் தொறக்காதீங்கன்னுட்டேன். அதுவும் போக, தப்பு என்னோடதுதான். அங்கி இல்லாம வந்தா நீங்க எப்படி நம்புவீங்க?” என்றார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அவர் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “ஒண்ணு மட்டும் கேக்கவா டீச்சர்? உள்ள இருந்தவருக்கு எஞ்சத்தம் கேட்டுச்சா?” என்றார்.

கேட்டது சாமி, சிலுவை போட்டார், உங்களை உள்ளே வரச் சொல்லச் சொன்னார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தானே போனேன். ஆனால் அதைச் சொன்னால், சாமியா வந்தாரு என்று கேட்ட அப்பாவிடம் நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் சொல்ல வேண்டும். “இல்ல சாமி, மயக்கத்துல இருந்தாரு” என்றேன். அவர் மனசு நோகாமல் இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொல்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டார். “கேட்டிருக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். சத்தமாத்தான் சொன்னேன்” என்றார். பதினேழு வருஷமாக அவரிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதையும் நான் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அங்கி போடு என்று உனக்கு இனி நான் சொல்ல மாட்டேன். போடாதே என்றும் சொல்ல மாட்டேன். ஜனம் அங்கியைத் தேடுவதை மட்டும் அலட்சியமாக நினைக்காதே. வீட்டில் சாவு நிற்கும்போது நாலு பேர் நாலு எண்ணெயோடு வருகிறார்கள், யாரை நம்புவது என்று தெரியாதவளுக்கு அந்த வெள்ளைத் துணி ஒரு பிடிமானம். என் தப்பு அங்கியைத் தேடியதில் இல்லை, அதற்கு மேல் அந்த முகத்தைப் பார்க்காமல் போனதில் இருக்கிறது. உனக்கும் ஒரு நாள் யாராவது கேட்டைச் சாத்துவார்கள். அப்போது அங்கி மாட்டத் திரும்பி ஓடாதே. அவர்கள் கத்தட்டும். நீ அங்கேயே நில், யாராவது தெரிந்தவர் வரும்வரை நில். அவர் நல்லவர், நான் சொன்னதைக் கேட்டுவிட்டார். நீ கேட்காதே.

நான் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் ஒரு சாமியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கவில்லையா என்று நீ கேட்பாய். சொன்னேன். நம் பங்கில் சொல்லத் தைரியம் இல்லாமல் பழனி பஸ் ஏறி ஒட்டன்சத்திரத்தில் இறங்கி, என்னை யாருக்கும் தெரியாத கோயிலில் போய்ச் சொன்னேன். அப்புறம் வேறு இரண்டு ஊர்களில். மூன்று சாமிகளும் மன்னித்தார்கள். ஒருவர் மட்டும், அந்தக் குருவிடமே போய்ச் சொல்லம்மா என்றார், அதற்குப் பிறகு அந்த ஊருக்கே நான் போகவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்தச் சாமியும் வெளியே சொல்லக் கூடாது என்பது எனக்கு வசதியாக இருந்தது. எனக்கு மன்னிப்புக் கிடைத்துக்கொண்டே இருந்தது, அவருக்குப் பழி இருந்துகொண்டே இருந்தது. இப்போதும் முதலில் அந்த வழியைத்தான் யோசித்தேன். பட்டம் வாங்கியதும் நீ கேட்கிற முதல் பாவசங்கீர்த்தனம் என்னுடையதாக இருக்கட்டும், எல்லாவற்றையும் உன் காதில் சொல்லிவிடலாம் என்று. அப்படிச் சொன்னால் நீ அதை உனக்குள்ளேயே பூட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டுரையை எடுக்க முடியாது. என்மேல் கோபப்பட முடியாது. அந்த வராந்தாவுக்குப் போய், என் அப்பாவுக்கு உங்கள் சத்தம் கேட்டது சாமி என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. மறுபடியும் நான் தப்பித்துக்கொள்வேன்.

அதனால்தான் நீ பட்டம் வாங்குவதற்கு முன்னால் எழுதி அனுப்புகிறேன். இது பாவசங்கீர்த்தனம் இல்லை, அப்பு. இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

உன் அம்மா